வெளிநாட்டு ஆசிரியர் பயிற்சிக்கு மானியம்: பணம் எப்படிக் கணக்காகிறது?

"ஐந்து ஆசிரியர்களைப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்ப எட்டாயிரம் யூரோ வந்திருக்கிறதாம்." ஒரு பள்ளியில் இந்தச் செய்தி பரவியதுமே மூன்று விதமான பேச்சு கிளம்பும். தலைக்கு ஆயிரத்து அறுநூறு கையில் கிடைக்கும் என்பார் ஒருவர். பில் வைத்திருந்தால் செலவு முழுக்கத் திரும்ப வந்துவிடும் என்பார் இன்னொருவர். சிக்கனமாகப் போய்வந்தால் மிச்சத்தில் பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கலாம் என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அவை நம்பும்படி இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பித் திட்டம் போட்ட பள்ளி, கடைசியில் தன் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரை ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தை வைத்து இந்தக் கணக்கை விளக்குகிறது. 1987இல் மாணவர் பரிமாற்றமாகத் தொடங்கிய எராஸ்மஸ், 2014இல் எராஸ்மஸ் பிளஸ் ஆகி, இப்போது 2021 முதல் 2027 வரையிலான சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் இன்னொரு நாட்டுக்குப் போய்ப் படிப்பதற்கு இதில் தனிப் பிரிவு உண்டு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் தனியாளாக இதற்கு விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் தன் நாட்டின் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்கும். தேசிய முகமை என்பது ஒவ்வொரு நாட்டிலும் இந்தப் பணத்தைப் பங்கிட்டுக் கணக்குக் கேட்கும் அலுவலகம். பணம் பள்ளியின் கணக்குக்கு வரும், பொறுப்பும் பள்ளியுடையதுதான்.

பில்லும் பேட்டாவும்

ஒருவரை வெளியூர் வேலைக்கு அனுப்பினால் அவர் செலவை இரண்டு வழியில் கொடுக்கலாம். என்ன செலவானதோ அதற்குப் பில் காட்டச் சொல்லி, அந்தத் தொகையைக் கொடுப்பது ஒரு வழி. நாளுக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுத்துவிடுவது இன்னொரு வழி. பேட்டா வாங்கியவர் எங்கே சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்று மட்டும் பார்ப்பார்கள்.

எராஸ்மஸ் மானியத்தில் இரண்டும் உண்டு. பில் காட்டி வாங்குவதற்கு உண்மைச் செலவு என்று பெயர். பேட்டா மாதிரி முன்கூட்டியே நிர்ணயித்த தொகைக்கு அலகுத் தொகை என்று பெயர். ஆசிரியர் பயிற்சிப் பயணத்தில் பெரும்பகுதி அலகுத் தொகைதான். குழப்பம் எல்லாம் இதைப் பில் கணக்கு என்று நினைப்பதில்தான் தொடங்குகிறது.

அலகுத் தொகை புரிய, சுவர் கட்டும் ஒப்பந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் நாடாவை எடுத்துச் சுவரை அளப்பார். சிமெண்ட் எத்தனை மூட்டை, மணல் என்ன விலை என்று கேட்கமாட்டார். சிமெண்ட் மலிவாகக் கிடைத்திருந்தால் அது மேஸ்திரியின் லாபம், விலை ஏறியிருந்தால் அவர் நட்டம். ஆனால் 100 சதுர அடி பேசி 80 கட்டியிருந்தால் 80க்குத்தான் பணம். தேசிய முகமையும் அப்படித்தான் சுவரை அளக்கிறது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை நாள் பயிற்சி நடந்தது, எவ்வளவு தொலைவு என்பவைதான் அதன் அளவுகோல்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மானியம் என்பது எண்ணிக்கையை விகிதத்தால் பெருக்கி வரும் தொகை. நடந்தது குறைந்தால் மானியமும் குறையும். செலவு கூடினாலும் மானியம் கூடாது.

எந்தெந்தத் தலைப்பில் வருகிறது

கீழே வரும் தொகைகள் 2023ஆம் ஆண்டு விண்ணப்ப அழைப்பின் விகிதங்கள். விகிதங்கள் மாறும். 500 முதல் 1999 கி.மீ. வரையிலான பயணத்துக்கு 2023இல் 275 யூரோ, 2024இல் 309 யூரோ. எந்த ஆண்டு அழைப்பில் விண்ணப்பித்தீர்களோ அந்த ஆண்டின் வழிகாட்டி நூல்தான் உங்களுக்குச் செல்லுபடியாகும். போன வருட எக்செல் கோப்பை அப்படியே நகலெடுத்துப் பயன்படுத்துவது பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

பயணம்: தொலைவை வரம்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். இதைத் தொலைவுப் பட்டை என்போம். 100 முதல் 499 கி.மீ. வரை 180 யூரோ, 500 முதல் 1999 வரை 275, 2000 முதல் 2999 வரை 360. தொலைவை நேர்கோட்டில், ஐரோப்பிய ஆணையத்தின் இணையக் கணிப்பான் காட்டும்படி எடுக்க வேண்டும். சாலை வழியும் கணக்கில் வராது, விமானம் எங்கே நின்று போனது என்பதும் வராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணிப்பானில் பார்க்க வேண்டியது ஒருவழித் தொலைவு, ஆனால் பட்டையின் தொகை போகவர இரண்டுக்கும் சேர்த்தது. மாட்ரிடிலிருந்து ரோமுக்கு 1365 கி.மீ. என்றால் பட்டை 500–1999, தொகை 275. போகவர 2730 என்று இரட்டித்து 360 யூரோ பட்டையில் போட்டுவிட்டால் ஒருவருக்கு 85 யூரோ தவறு. ஐந்து பேருக்கு 425. விண்ணப்பத்தில் இது கண்ணில் படாமல் போனாலும் இறுதி அறிக்கையில் நிச்சயம் பிடிபடும்.

வழியின் பெரும்பகுதியை ரயில், பஸ் அல்லது பலர் சேர்ந்து போகும் கார் மாதிரி புகை குறைந்த வாகனத்தில் கடந்தால் அது பசுமைப் பயணம். அதற்கு அதே 500–1999 பட்டையில் 320 யூரோ. மெதுவாகப் போவதால் கூடுதல் பயண நாட்களுக்கும் தினப்படி, அதாவது பேட்டா, உண்டு. பயணித்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் டிக்கெட்டும் கோப்பில் இருக்க வேண்டும்.

தனிநபர் ஆதரவு: இதுதான் பேட்டா. அறை, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் இதற்குள். போகும் நாட்டைப் பொறுத்து மூன்று தொகுதிகள் இருக்கின்றன. இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி இருக்கும் நடுத் தொகுதிக்கு நாளுக்கு 80 முதல் 160 யூரோ வரை என்று வரம்பு வைத்து, அதற்குள் சரியான எண்ணை ஒவ்வொரு நாட்டின் தேசிய முகமையும் தானே முடிவு செய்கிறது. ஆகவே ஒரே ரோம் நகரப் பயிற்சிக்கு இரண்டு நாடுகளிலிருந்து வரும் ஆசிரியர்கள் வெவ்வேறு படி வாங்கலாம். 14 நாள் வரை முழு விகிதம், 15ஆம் நாளிலிருந்து அதில் 70 சதவீதம்.

பயிற்சிக் கட்டணம்: ஒருவருக்கு நாளுக்கு 80 யூரோ. ஒரே மானிய ஒப்பந்தத்தில் ஒருவருக்கு 800 யூரோவுக்கு மேல் கிடையாது. ஐந்து நாள் பயிற்சி இரண்டு போனால் வரம்பு தீர்ந்தது. பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் தங்குமிடம், ஊர் சுற்றிக் காட்டுதல், விருந்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை சொல்வது வழக்கம். அப்படி வாங்காதீர்கள். பயிற்சிக்கு எவ்வளவு, தங்குவதற்கு எவ்வளவு என்று தனித்தனி வரியாக இன்வாய்ஸ் கேளுங்கள். சேர்ந்திருந்தால் எந்தத் தொகை எந்தத் தலைப்புக்கு என்று பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

நிறுவன ஆதரவு: பயிற்சி வகுப்புக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கு 100 யூரோ. தேர்வு, தயாரிப்பு, கண்காணிப்பு, திரும்பி வந்தபின் கற்றதைப் பகிர்வது ஆகியவற்றுக்கான செலவு இதில் அடங்கும். வகுப்புக்குப் போகாமல் வேறு நாட்டுப் பள்ளியில் உட்கார்ந்து அங்குள்ளவர்கள் வேலை செய்வதைக் கவனித்துக் கற்றால் கணக்கே மாறிவிடும். அதற்குப் பயிற்சிக் கட்டணம் கிடையாது, ஆனால் நிறுவன ஆதரவு 350 யூரோ. கட்டணம் கேட்காமல் வரவேற்கும் பள்ளி ஒன்று கிடைத்தால், எங்கள் கருத்தில் இந்த வழிதான் சிறிய பள்ளிக்குத் தோதானது.

முதல் தாள்: என்ன வரும்

மாட்ரிடிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் ரோமில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு முந்தின நாள் போய், முடிந்த மறுநாள் திரும்புகிறார்கள். ஆக 7 நாள் படி. நாளுக்கு 120 யூரோ என்பது கணக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்.

ஒருவருக்குப் பயணம் 275. தனிநபர் ஆதரவு 7 × 120 = 840. பயிற்சிக் கட்டணம் 5 × 80 = 400. நிறுவன ஆதரவு 100. கூட்டினால் 1615 யூரோ. ஐந்து பேருக்கு 8075.

பள்ளிக்கூடத்தில் பரவிய "எட்டாயிரம்" இப்படித்தான் பிறந்தது. அதில் "தலைக்கு ஆயிரத்து அறுநூறு கையில்" என்ற பேச்சு எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். நிறுவன ஆதரவு பள்ளிக்குரியது, கட்டணம் பயிற்சி நடத்துபவருக்குப் போகிறது. பயணமும் படியும் சேர்ந்த 1115 யூரோவைப் பள்ளி ஆசிரியர் கணக்கில் போடலாம், அல்லது டிக்கெட்டையும் அறையையும் தானே எடுத்துக் கொடுக்கலாம், அல்லது பாதி அப்படியும் பாதி இப்படியும் செய்யலாம். எந்த வழி என்பதைக் கிளம்புமுன் ஆசிரியருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இதைப் பேசாமல் விட்ட பள்ளிகளில்தான் திரும்பி வந்தபின் மனக்கசப்பு வருகிறது.

இரண்டாவது தாள்: என்ன போகும்

முதல் தாளை மட்டும் போட்டுவிட்டு அதையே பட்ஜெட் என்று சொல்வதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு. அது வரவு மட்டும்தான். செலவுக்குத் தனியாக இன்னொரு தாள் வேண்டும், உண்மையான விலைகளோடு. அதே பயணத்துக்கு ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். இந்த விலைகளும் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே.

விமானம் 240. பெட்டிக்குத் தனிக் கட்டணம் 40. இரண்டு ஊரிலும் விமான நிலையத்துக்குப் போகவர 50. அறை 6 இரவு, இரவுக்கு 85 வீதம் 510. சாப்பாடு 7 நாள், நாளுக்கு 40 வீதம் 280. ஊருக்குள் பஸ், மெட்ரோ 25. காப்பீடு 20. பயிற்சி நடத்துபவர் கேட்கும் கட்டணம் 450. மொத்தம் 1615.

வரவும் 1615, செலவும் 1615. சரியாகிவிட்டது என்று தோன்றும், ஆனால் சரியாகவில்லை. ஆசிரியருக்காக வரும் மூன்று தலைப்புகளையும் கூட்டினால் 1515தான். மீதி 100 பள்ளிக்கு வந்த நிறுவன ஆதரவு. அதையும் எடுத்துப் பயணத்திலும் கட்டணத்திலும் காப்பீட்டிலும் விழுந்த பள்ளத்தை நிரப்பியாயிற்று. ஐந்து பேருக்கும் அப்படியே 500 யூரோவும் போய்விட்டது. இனி ஐந்து ஆசிரியர்கள் இல்லாத அந்த வாரத்தில் வகுப்பெடுக்க வரும் மாற்று ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது? மானியத்தில் மாற்று ஆசிரியருக்கென்று தனித் தலைப்பே இல்லை. ஒரு பள்ளியின் பட்ஜெட் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இந்தச் செலவு பயணத் தாளில் வராது, சம்பளத் தாளில் ஒளிந்துகொண்டிருக்கும்.

செலவுத் தாளில் பயணத்துக்கு 330, வரவில் 275. தங்கிச் சாப்பிட 815, வரவில் 840. ஒரு தலைப்பில் மிஞ்சுவது இன்னொரு தலைப்பின் குறையைக் கொஞ்சம் தாங்குகிறது. அலகுத் தொகையின் வசதி இது. விமானம் 150க்குக் கிடைத்திருந்தாலும் பயணத்துக்கு அதே 275தான் வந்திருக்கும். ஆனால் அந்த மிச்சம் அறை வாடகையிலோ கட்டணத்திலோ கரைந்துவிடும். புரொஜெக்டரை மறந்துவிடுவது நல்லது. ஆசிரியர் தன் பணத்தைப் போட்டுச் சாப்பிட்டிருக்க, பள்ளி மிச்சத்தில் கருவி வாங்கினால் அது நியாயமும் இல்லை.

சுருக்கமாக: வரவுத் தாளை விகிதப்படி போடுங்கள், செலவுத் தாளைச் சந்தை விலைப்படி போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தலைப்புத் தலைப்பாகக் கழித்துப் பாருங்கள்.

டிக்கெட் விலை எகிறினால்

அலகுத் தொகை போதாத இடங்களுக்கு ஒரு சிறிய கதவு திறந்திருக்கிறது. இதற்கு விதிவிலக்குச் செலவு என்று பெயர். உண்மைப் பயணச் செலவில் 70 சதவீதத்தைக்கூடப் பட்டைத் தொகை தாங்கவில்லை என்றால், அந்தத் தொகையை விட்டுவிட்டு உண்மைச் செலவில் 80 சதவீதம் கேட்கலாம். ஒரு தீவுக்குப் போக 500 யூரோ ஆகிறது, பட்டையில் 275 என்றால், 275 என்பது 55 சதவீதம்தான். ஆகவே 400 யூரோ கேட்கலாம். இங்கே இது பில் கணக்கு ஆகிவிடுகிறது. ஒவ்வொரு டிக்கெட்டும் வேண்டும், ஏன் இவ்வளவு ஆனது என்று காரணமும் எழுத வேண்டும். செலவு 380 என்றால் 275 அதில் 72 சதவீதம். கதவு மூடியிருக்கும், மீதி 105 யூரோ நம் தலையில். விசா, மருத்துவச் சான்று, தடுப்பூசிக்கு முழுச் செலவும் இதே தலைப்பில் கேட்கலாம்.

பணம் எப்போது வருகிறது

மானியம் உறுதியானதும் முழுப் பணமும் வந்துவிடாது. சிறிய திட்டங்களில் பொதுவாக 80 சதவீதம் முன்பணமாக வரும். எவ்வளவு என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். மீதி, திட்டம் முடிந்து 60 நாளுக்குள் நீங்கள் தரும் இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு.

8075இல் 80 சதவீதம் 6460. நிற்கும் தொகை 1615. அதாவது சரியாக ஓர் ஆசிரியரின் முழுப் பங்கு. ஐந்து பேர் போகும் திட்டத்தில் ஐந்தாவது ஆசிரியரின் விமானம், அறை, கட்டணம் எல்லாவற்றையும் பள்ளி தன் சொந்தப் பணத்தில் போட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டும் கட்டணமும் பயிற்சிக்கு வெகுமுன்பே கட்டவேண்டியவை என்பதால் நெருக்கடி முதல் மாதங்களிலேயே வரும். பட்ஜெட்டோடு மாதவாரியாக ஒரு பணவரத்து அட்டவணையும் போட்டு, கையில் இருப்பு எந்த மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். அந்த மாதத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை நிர்வாகக் குழுவில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

யூரோ புழங்காத நாடுகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. மானியம் யூரோவில் நிர்ணயமாகியிருக்கும், செலவு உள்ளூர் நாணயத்தில் ஆகும். இடையில் மாற்று விகிதம் நகர்ந்தால் அந்த நட்டத்துக்கு எந்தத் தலைப்பும் கிடையாது.

ஒருவர் வராமல் போனால்

ஐந்து பேரில் ஒருவர் கடைசி வாரத்தில் விலகுகிறார். சுவர் ஐந்தில் ஒரு பங்கு குட்டையாகிவிட்டது. அவருக்கான நான்கு தலைப்புகளும், நிறுவன ஆதரவு உட்பட, கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஆனால் அவர் பெயரில் வாங்கிய டிக்கெட்டும் கட்டிய கட்டணமும் போனது போனதுதான். பள்ளியின் கைக்கு மீறிய எதிர்பாராத நிலை என்றால் முகமையிடம் முறையிட வழி இருக்கிறது. வேலை இருந்தது, மனம் மாறிவிட்டது போன்ற காரணங்களுக்கு இல்லை.

அதனால் தேர்வு செய்யும்போதே ஆறாவதாக ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். பயிற்சி நடத்துபவரிடம் பெயர் மாற்றம் அனுமதிப்பீர்களா, எந்தத் தேதி வரை என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பெயர் மாற்றக்கூடிய டிக்கெட் 30, 40 யூரோ கூடுதலானாலும் பார்க்கவேண்டிய ஒன்று, ஏனென்றால் ஒருவர் விழுந்தால் போவது அதைவிடப் பல மடங்கு.

சுவரை அளக்கும் நாடா

அலகுத் தொகைக்குச் சாப்பாட்டுப் பில் கேட்கமாட்டார்கள். அதை வைத்து "காகிதமே வேண்டாம்" என்று நினைத்துவிடக்கூடாது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு கோப்பு வேண்டும். அதில் ஆசிரியருடன் செய்த ஒப்பந்தம், என்ன கற்கப்போகிறார் என்ற கற்றல் உடன்படிக்கை, பயிற்சிக் கட்டண இன்வாய்ஸ், கலந்துகொண்டதற்கான சான்றிதழ் இருக்கவேண்டும். மானியம் 60,000 யூரோவுக்குள் இருந்தால் கடைசிப் பணம் வந்த பிறகு 3 ஆண்டு, அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு இவற்றைப் பாதுகாக்க வேண்டும். நம் 8075 யூரோ திட்டத்துக்கு 3 ஆண்டு.

இவற்றில் சான்றிதழ்தான் நாடா. அதில் ஆசிரியரின் பெயர், பயிற்சி நடத்திய நிறுவனம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி தெளிவாக இருக்க வேண்டும். அழகான எல்லையும் முத்திரையும் போட்டு "ரோமில் நடந்த பயிற்சியில் சிறப்பாகப் பங்கேற்றார்" என்று மட்டும் எழுதி, தேதியே இல்லாமல் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. தேதி இல்லாவிட்டால் ஐந்து நாளுக்கான 400 யூரோ கட்டணத்துக்கும் 840 யூரோ தினப்படிக்கும் ஆதாரம் இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை என்று தவறாக அச்சாகியிருந்தால் ஒரு நாள் கட்டணமும் ஒரு நாள் படியும் சேர்த்து 200 யூரோ குறையும். ஊருக்குத் திரும்பிய பின் திருத்திய பிரதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வர வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே கடைசி நாள் மதியம் சான்றிதழ் கைக்கு வந்ததும், கிளம்பும் அவசரத்தில் பைக்குள் வைக்காமல், பெயரையும் இரண்டு தேதிகளையும் அந்த மேசையிலேயே சரிபார்த்து, தவறிருந்தால் அப்போதே வேறு அச்சடித்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆசிரியர்களை அனுப்புங்கள்.